உடம்பு தேறவும் மனசு தேறவும் விளையாடப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர், புற்றுநோய் சிகிச்சையை முடித்தவர், வேலை போய் ஒரு வருடமாக வீட்டிலேயே முடங்கிக் கிடந்தவர், இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இது தன் உடம்புதானா என்று நினைப்பவர். இவர்கள் எல்லோரிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள்: "ஏதாவது விளையாடுங்க, எல்லாம் சரியாகிடும்." நல்ல யோசனைதான். ஆனால் அப்படிப் போன பலர், சில வாரங்களிலேயே கால் வலியோடும் முன்பைவிட அதிகச் சோர்வோடும் நின்றுவிடுகிறார்கள். அதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். பெரும்பாலும் ஆரம்பித்த விதத்திலேயே கோளாறு இருக்கிறது.

இருப்பதிலேயே பெரிய தவறு, பழைய உடம்பை மனதில் வைத்துக்கொண்டு விளையாடுவது. கல்லூரியில் ஷட்டில் டீமில் இருந்தவர் நாற்பத்தைந்து வயதில் கோர்ட்டுக்கு வருகிறார். கைக்கு ஆட்டம் மறக்கவில்லை. காக் எங்கே விழும் என்று கண்ணுக்கும் தெரிகிறது. முதல் நாளே நாலு கேம் டபுள்ஸ், மறுநாளும் அப்படியே. கொஞ்ச நாளில் மூச்சு வாங்குவது குறைந்துவிடும். "சரி, செட் ஆகிடுச்சு" என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. இதயமும் தசைகளும் சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அவை பழக மாதக்கணக்கில் ஆகும். பின்னால் நகர்ந்து ஒரு ஸ்மாஷ் அடிக்கக் காலை ஊன்றி உந்தும்போது, குதிகாலுக்கு மேலே 'டப்' என்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து உதைத்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்ப்பார், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலீஸ் தசைநாண் அறுந்தவர்களில் பலர் சொல்வது இதைத்தான். முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருக்கும், விட்டுவிட்டு விளையாடும் ஆண்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. மறுபடி ஓடி விளையாட ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். காலைவிட மோசமாக அடிபடுவது தைரியம். 'இனி இதெல்லாம் நமக்கு வேண்டாம்' என்று ராக்கெட்டைப் பரணில் போட்டுவிடுவார்கள்.

முதல் ஒன்றிரண்டு மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விளையாடினால் போதும். பாயிண்ட் எண்ணாமல், பாதி கோர்ட்டில் எதிரே நிற்பவருக்குத் தூக்கிக் கொடுத்து ஆடலாம். வீட்டுப் படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெதுவாக ஏற்றி அதைவிட மெதுவாக இறக்கும் பயிற்சி கெண்டைக்காலையும் அந்தத் தசைநாணையும் கெட்டிப்படுத்தும். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் குதிகால் விறைத்து வலித்தால், நேற்றைய ஆட்டம் அதிகம் என்று அர்த்தம். குறைத்துக்கொள்ளுங்கள். ஓடுவதற்கான தடித்த குதிகால் ஷூவோடு ஷட்டில் கோர்ட்டில் இறங்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் பிசகும். அடிப்பாகம் தட்டையாக, ரப்பர் சோல் வைத்த கோர்ட் ஷூ வேண்டும்.

அடுத்தது, சாம்பியன்களைப் பார்த்துக் கணக்குப் போடுவது. யுவராஜ் சிங் 2012 மார்ச்சில் புற்றுநோய்க்கான கீமோதெரபியை முடித்தார், செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராக டி20 ஆடினார். பார்க்கவே சிலிர்க்கும். ஆனால் அவர் சிறு வயதிலிருந்தே ஆடிப் பழகிய உடம்போடு, பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமியில் பயிற்சி எடுத்துத் திரும்பியவர். அவரிடமிருந்து நம்பிக்கையை எடுத்துக்கொள்ளலாம், கால அட்டவணையை எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு இந்த விஷயத்தில் வழிகாட்டி லுட்விக் குட்மன். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்குப் போன யூத மருத்துவர். 1944 முதல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், போரில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்குச் சிகிச்சை கொடுத்தார். அப்படிப்பட்டவர்கள் அதிக நாள் தாங்க மாட்டார்கள் என்று மற்றவர்கள் கைவிட்டிருந்த காலம் அது. அவர் விளையாட்டைச் சிகிச்சையிலேயே சேர்த்தார். சக்கர நாற்காலியிலிருந்தே வில் வித்தை ஆடலாம், அது தோளையும் முதுகையும் பலப்படுத்தும். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், 16 பேரை வைத்து அங்கே ஒரு வில் வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக்ஸ் வளர்ந்தது அந்த விதையிலிருந்துதான். நடக்க முடியாததை எண்ணி உட்காராமல், இப்போது இருக்கிற உடம்பால் எந்த ஆட்டம் முடியும் என்று தேடியதுதான் அவர் செய்த வேலை. முழங்கால் தேய்ந்தவருக்கு நீச்சல் இருக்கிறது, கேரம்கூட வெளியே நாலு பேரோடு உட்கார வைக்கும்.

தன்னம்பிக்கைக்கும் இதே கணக்குதான். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே இதைப் பற்றி விளக்கமாக எழுதினார்: 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்குப் பலமான ஆதாரம், தானே செய்து முடித்த அனுபவம். பாராட்டு அதற்கு அடுத்துத்தான். ஆகவே முடிக்கக்கூடிய இலக்கை வையுங்கள். பத்து சர்வீஸில் ஆறு சரியாக விழ வேண்டும் என்பது நல்ல இலக்கு. ஒரு மாதத்தில் எட்டு கிலோ குறைக்க வேண்டும் என்பது மனதை உடைக்கும் இலக்கு. எழுபது கிலோ ஆள் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் செலவாவது சுமார் 150 கலோரி. திரும்பும் வழியில் இரண்டு மெதுவடையும் டீயும் அதைச் சாப்பிட்டுவிடும். எடை மெஷினை வைத்து விளையாட்டை எடைபோட்டால் ஏமாற்றம்தான். தூக்கம் எப்படி, மாடி ஏறும்போது மூச்சு எப்படி என்று பாருங்கள். இவை சீக்கிரமே மாறும்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடல் உழைப்பைச் சொல்கிறது. அது போய்ச் சேர வேண்டிய இடம், முதல் வாரத்துக் கட்டளை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சமாவது செய்வது ஒன்றும் செய்யாததைவிட மேல் என்று அவர்களே சொல்கிறார்கள். நாலு நாள் விட்டுப் போனால் போகட்டும், ஐந்தாம் நாள் போங்கள். காய்ச்சல் இருக்கும்போது மட்டும் எந்தக் காரணத்துக்கும் போகாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாசலில் ஷூ மாட்டும்போதெல்லாம் "பாத்துப்பா, வேண்டாம்ப்பா" என்று பயமுறுத்தாதீர்கள். "அவர் உங்களைவிடப் பெரியவர், எப்படி ஓடுறார் பாருங்க" என்று ஒப்பிடவும் வேண்டாம். கூடப் போய் ஓரமாக உட்கார்ந்தாலே பெரிய தெம்பு.

மருத்துவ விஷயங்களை அலட்சியமாக விடுவதுதான் எனக்குக் கவலை தரும் தவறு. ஸ்டென்ட் வைத்தவர்கள் எவ்வளவு வேகம் வரை போகலாம் என்பதை இதய மருத்துவர் சொல்ல வேண்டும், பக்கத்து கோர்ட் நண்பர் இல்லை. இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிட்டால் நாடித் துடிப்பு அவ்வளவாக ஏறாது, அதனால் கையில் கட்டிய வாட்ச் காட்டும் எண்ணை நம்பி வேகம் கூட்டக் கூடாது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். சுகருக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் பாக்கெட்டில் குளுக்கோஸோ சர்க்கரையோ வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆடினால் ராத்திரியில்கூட சுகர் இறங்கலாம். பூங்காக்களில் எட்டு வடிவப் பாதையில் கூழாங்கல் பதித்து வெறுங்காலில் நடக்கச் சொல்கிறார்கள். சுகரால் பாதம் மரத்துப் போனவர்கள் அதில் ஏறவே வேண்டாம். காயம் பட்டது தெரியாமலே புண் ஆகிவிடும். உடம்பு லேசாக இருக்கிறது, மனசு தெளிவாக இருக்கிறது என்று சுகர், பிரஷர், மனச்சோர்வு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

விளையாடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர் வியர்வை, கண் இருட்டல் வந்தால் அந்த நிமிடமே நிறுத்தி உட்காருங்கள். வாயுத் தொல்லை என்று சோடா தேடி அலையாமல், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பாதீர்கள்.