தோட்ட இயந்திரமும் அடுத்த வீட்டுப் புகாரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்களிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சென்ற மாதம் காற்றை ஊதித் தள்ளும் புளோயரால் சருகுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் மதிலோரம் வந்து சத்தம் தாங்க முடியவில்லை என்றார். இளைஞர் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, அதில் ஓடிக்கொண்டிருந்த டெசிபல் எண்ணை அவரிடம் நீட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே காரியம், அதே முகபாவத்துடன். அன்று மாலையே இதை எழுத உட்கார்ந்தேன். விடியற்காலையில் தொடங்குவது, ஊர் உறங்கும் நேரத்தில் ஓட்டுவது போன்றவற்றை இங்கே சேர்க்கவில்லை. அவை தவறென்று தெரியாமல் யாரும் செய்வதில்லை.

இயந்திரத்தை ஓடவிட்டபடியே பேசுவது

காதுக்கவசம் அணிந்து வேலை செய்பவருக்கு, முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஐந்து நிமிடமாகக் கையசைத்துக்கொண்டிருப்பது தெரியாது. அவரைக் கண்டதும் விசையை மட்டும் விட்டுவிட்டு, எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கவே "என்ன சார்?" என்று கேட்டால், அவர் தம் முதல் வாக்கியத்தையே கத்திச் சொல்ல வேண்டியிருக்கும். கத்தத் தொடங்கியவர் பிறகு குரலை இறக்குவது அரிது. எஞ்சினை முழுதாக அணைத்து, கவசத்தைக் கழற்றி, இயந்திரத்தைத் தரையில் வைத்த பிறகே பேச வேண்டும்.

டெசிபல் எண்ணைக் காட்டி வாதாடுவது

ஐந்து கட்டடங்கள் கொண்ட ஒரு குடியிருப்பின் தோட்டப் பராமரிப்பு அப்போது என் பொறுப்பில் இருந்தது. தரைத்தளத்தில் வசித்த ஓர் அம்மையார், இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குபவர், ஒருநாள் வெளியே வந்து, "சத்தம்கூடப் பரவாயில்லை தம்பி, நெஞ்சுக்குள்ளே அதிர்கிறது" என்றார். நான் அவருடைய சன்னலருகே கைப்பேசியைப் பிடித்து, 61 என்று வந்ததைக் காட்டி, இரண்டு பேர் இயல்பாகப் பேசும் அளவுதான் இது என்று விளக்கினேன். அவர் பதில் சொல்லாமல் சன்னலைச் சாத்திக்கொண்டார். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில் ஐந்து கட்டடங்களின் வேலையும் என் கையைவிட்டுப் போயிற்று.

வேலை போனதைவிட, அவர் சொன்னது உண்மை என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின என்பதே இன்றும் உறுத்துகிறது. இத்தகைய இயந்திரங்களில் பெரும்பாலும் இருக்கும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 100 வெடிப்புகள், அதாவது 100 ஹெர்ட்ஸ் உறுமல். பெரும்பாலான டெசிபல் செயலிகள் 'ஏ' எடையிடலின்படி எண்ணைக் காட்டுகின்றன. மனிதக் காது தாழ்ந்த ஒலிகளைக் குறைவாக உணர்கிறது என்பதற்காக, அந்த முறை 100 ஹெர்ட்ஸ் ஒலியில் ஏறக்குறைய 19 டெசிபலைக் கழித்துவிட்டே எண்ணைத் தருகிறது. கைப்பேசியின் ஒலிவாங்கியும் பேச்சுக்காக அமைக்கப்பட்டதே தவிர, உறுமலை அளப்பதற்காக அன்று. அவர் முறையிட்ட அதே ஒலியைத்தான் என் கருவி பெருமளவு தள்ளுபடி செய்திருந்தது.

அவர் சன்னலைச் சாத்தியதும் பயன் தந்திருக்காது. சுவரும் கண்ணாடியும் கீச்சென்ற உயர்ந்த இரைச்சலை நன்றாகத் தடுக்கும். தாழ்ந்த உறுமலை அவ்வளவாகத் தடுக்காது. ஆகவே சன்னலை மூடிய அறைக்குள் மிஞ்சுவது உறுமல் மட்டுமே. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், ஏறத்தாழ ஒரு படுக்கையறையின் அகலம். அத்தகைய அறையில் அந்த ஒலி சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி, சில இடங்களில் மங்கி, சுவரோரங்களிலும் மூலைகளிலும் கூடி நிற்கும். கட்டிலின் தலைமாடு பெரும்பாலும் எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது புகார் வந்தால் எந்த அறையில், எந்த நேரத்தில் என்றுதான் முதலில் கேட்கிறேன். அனுமதித்தால் அந்த அறைக்குள் சென்று நின்று, வெளியே உடன் பணிபுரிபவரை இயந்திரத்தை ஓட்டச் சொல்கிறேன். முதன்முறை அப்படி நின்றபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அந்தச் சுவரையொட்டிய பகுதியை அவர்கள் விழித்திருக்கும் நேரத்துக்கு மாற்றலாம். அங்கு மட்டும் பேட்டரி இயந்திரத்தைப் பயன்படுத்தலாம். பேட்டரி புளோயரும் சத்தமற்றதன்று. ஆனால் அதில் எஞ்சின் உறுமல் இல்லை, விசிறியின் கீச்சொலியைச் சுவர் ஓரளவு தின்றுவிடும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும் என்பதால், எரிபொருள் நிரப்பவும் எஞ்சினைச் சூடேற்றவும் சன்னலடியைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே பாதி வேலையை முடிக்கும்.

விசையை விட்டு விட்டு அழுத்துவது

சீரான ஒலிக்குக் காது ஓரளவு பழகும். ஏறி இறங்கும் ஒலிக்குப் பழகாது. காய்ந்த சருகுக்கு முழு வேகம் தேவையில்லை. பாதி வேகத்தில் விசையை நிலைநிறுத்தி ஓட்டினால் எரிபொருளும் மிஞ்சும்.

இரண்டு புளோயர்களை அருகருகே ஓட்டுவது

ஒரே அளவு சத்தமுள்ள இரண்டு இயந்திரங்கள் சேர்ந்தால் அளவி 3 டெசிபல்தான் கூடுதலாகக் காட்டும். வேலையும் பாதி நேரத்தில் முடியும். கணக்குப்படி இது நல்லதே. ஆனால் இரண்டின் சுற்றுவேகமும் சற்றே வேறுபட்டால் ஒலிகள் கலந்து, "வும்... வும்..." என்று துடிக்கும் விம்மல் எழும். ஒருவர் வளாகத்தின் இந்த முனையிலும் மற்றவர் அந்த முனையிலும் தொடங்கட்டும்.

ஒட்டுவில்லை எண்ணைப் படித்துக் காட்டுவது

ஐரோப்பியச் சந்தைக்கான இயந்திரங்களில் ஒட்டப்பட்டிருக்கும் எண், இயந்திரம் மொத்தமாக வெளியிடும் ஒலித்திறன். நிற்பவர் காதில் விழும் அளவன்று. 105 என்று எழுதியிருந்தால், தடையற்ற திறந்தவெளியில் 10 மீட்டருக்கு அப்பால் சுமார் 77 ஆக இருக்கும். இதைப் புகார் சொல்ல வந்தவருக்கு விளக்க முயன்றவர்கள் யாரும் இரண்டாம் வாக்கியத்தைத் தாண்டியதில்லை.

சைலன்சரில் துளையிடுவது

கூடாது.

புல்வெட்டும் பிரஷ் கட்டரின் காப்புத் தகட்டைக் கழற்றிவிடுவது

நைலான் இழையை அளவாக வெட்டும் கத்தி அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. அது போனால் இழை நீண்டு, காற்றைக் கிழித்து இரைகிறது, எஞ்சினும் திணறுகிறது. தெறிக்கும் கல் வேறு.

ஒப்புக்கொண்ட நேரம் முடிந்தபின் "இன்னும் ஐந்தே நிமிடம்" என்பது

ஐந்து நிமிடச் சருகைத் துடைப்பத்தால் கூட்டிவிடலாம்.