ஆர்டிஐ மனு: காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்

எங்கள் தெருவில் போட்ட சிமென்ட் சாலை முதல் மழைக்கே பெயர்ந்துவிட்டது. யார் போட்டார்கள், எவ்வளவு தொகைக்கு, எத்தனை செ.மீ. கனத்தில் போட்டிருக்க வேண்டும், எதுவும் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. அலுவலகத்தில் கேட்டால் "இன்ஜினியர் சைட்டுக்குப் போயிருக்கார்" என்பார்கள். கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு போட்டு மதிப்பீடு, ஒப்பந்தம், அளவுப் புத்தகம் மூன்றின் நகலையும் வாங்கினோம். ஒப்பந்தத்திலேயே குறைபாடு பொறுப்புக் காலம் என்று ஒரு ஷரத்து இருந்தது. அந்தக் காலத்துக்குள் சாலை பழுதானால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்து தரவேண்டும். அந்தப் பக்கத்தை இணைத்து ஒரு கோரிக்கை மனு கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது.

அதன்பின் அக்கம்பக்கத்தில் பலருக்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் சிக்குகிறார்கள், அதனால் அந்த இடத்தை மட்டும் நீளமாக எழுதியிருக்கிறேன். தமிழ்நாடு அரசு அலுவலகங்களுக்கான முறை இது. மத்திய அரசு அலுவலகம் என்றால் எங்கே மாறும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

மனு போடுவதற்கு முன்

வேண்டிய தகவல் ஏற்கெனவே இணையத்தில் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். சட்டத்தின் 4-வது பிரிவுப்படி பல விவரங்களை யாரும் கேட்காமலேயே அலுவலகம் வெளியிட வேண்டும். டெண்டர் விவரம் தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்தில் கிடைக்கும், நூறு நாள் வேலையின் வருகைப் பட்டியல் அந்தத் திட்டத்தின் தளத்தில் கிடைக்கும், கிராம ஊராட்சியின் செலவுகளை இகிராம்ஸ்வராஜ் தளத்தில் பார்க்கலாம். அங்கே கிடைத்த பணியின் பெயரையும் எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டால் மனு எழுதும்போது பாதி வேலை முடிந்துவிடும்.

யாருக்கு எழுதுவது

"பொதுத் தகவல் அலுவலர்" என்று எழுதி, கீழே அலுவலகத்தின் பெயரும் முகவரியும் போட்டால் போதும். அந்த அலுவலரின் பெயர் தெரிய வேண்டியதில்லை. தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று பலர் பயப்படுகிறார்கள். பிரிவு 6(3)-ன்படி, பெற்றுக்கொண்ட அலுவலகமே 5 நாளுக்குள் அதைச் சரியான அலுவலகத்துக்கு மாற்றி, உங்களுக்கும் கடிதம் போட வேண்டும். "இது எங்கள் அலுவலகம் சார்ந்ததல்ல" என்று மனுவைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

மனுவை உங்கள் சொந்தப் பெயரில் போடுங்கள். தகவல் உரிமை குடிமக்களுக்கு உரியது என்பதால் சங்கத் தலைவர், செயலாளர் என்ற பொறுப்பில் லெட்டர்பேடில் எழுதினால் அதையே காரணம் காட்டி நிராகரிக்க வழி இருக்கிறது.

கேள்வியை எழுதுவது (எல்லோரும் சிக்கும் இடம்)

மக்கள் இப்படி எழுதுகிறார்கள்: "எங்கள் தெருச் சாலை ஏன் தரமில்லாமல் போடப்பட்டது? இதற்கு யார் பொறுப்பு? என்ன நடவடிக்கை எடுக்கப் போகிறீர்கள்?" நியாயமான கேள்விகள்தான். ஆனால் இதற்கு வரும் பதில் ஒரே வரியில் இருக்கும்: "தாங்கள் கோருவது பிரிவு 2(எஃப்)-ன் கீழ் தகவல் என்ற வரையறைக்குள் வரவில்லை."

இந்தச் சட்டத்தில் தகவல் என்றால் அலுவலகத்தில் ஏற்கெனவே ஏதோ ஒரு வடிவில் பதிவாகி இருப்பது: கோப்பு, பதிவேடு, கடிதம், அறிக்கை, ஒப்பந்தம், மின்னஞ்சல், மாதிரிப் பொருள். உங்களுக்காகப் புதிதாக விளக்கம் எழுதித் தரவோ கருத்துச் சொல்லவோ அலுவலர் கடமைப்பட்டவர் இல்லை. 2011-ல் சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. (அதே தீர்ப்பில்தான் திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்றும் சொன்னது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.)

ஆகவே "ஏன்" என்று மனதில் வரும் ஒவ்வொரு கேள்விக்கும், அதற்கான பதில் அந்த அலுவலகத்தில் எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கும் என்று யோசியுங்கள். அந்தக் காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சாலைக்கு நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"____ பேரூராட்சி, ____ வார்டு, ____ தெருவில் ____ நிதியாண்டில் போடப்பட்ட சிமென்ட் சாலைப் பணி தொடர்பாகக் கீழ்க்கண்டவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்களை வழங்கக் கோருகிறேன்:
1. தொழில்நுட்ப அனுமதி பெற்ற மதிப்பீடு
2. பணி ஆணையும் ஒப்பந்தமும், அனைத்து ஷரத்துகளுடன்
3. அளவுப் புத்தகத்தில் இப்பணி பதிவான பக்கங்கள்
4. தொகை வழங்கிய பில்கள்
5. தர ஆய்வு அறிக்கை"

இதில் மூன்றாவதுதான் முக்கியம். பொறியாளர் நேரில் அளந்து நீளம், அகலம், கனம் எழுதிக் கையெழுத்துப் போடும் புத்தகம் அது, அலுவலகத்தில் எம்-புக் என்பார்கள். அதில் எழுதிய கனத்தையும் தெருவில் இருக்கும் கனத்தையும் ஒரு டேப்பை வைத்து நீங்களே ஒப்பிட்டுவிடலாம். போட்ட பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கும் உரிமைகூடப் பிரிவு 2(ஜே)-வில் இருக்கிறது.

அடுத்து, கிடப்பில் கிடக்கும் மனுக்கள். பட்டா மாறுதல், ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை, எதுவானாலும் "ஏன் தாமதம்" என்று எழுத வேண்டாம். "நான் ____ தேதியில் கொடுத்த, ____ எண்ணுள்ள மனு மீது இன்றுவரை எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகள், பெறப்பட்ட விஏஓ அறிக்கை, நில அளவர் அறிக்கை ஆகியவற்றின் நகல்; மனு எந்தப் பதவியிலுள்ள அலுவலரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது என்பதைக் காட்டும் தன்பதிவேட்டுப் பக்கத்தின் நகல்; இத்தகைய மனுவை முடிக்க வேண்டிய காலக்கெடு குறித்த அரசாணையின் நகல்" என்று கேளுங்கள். பிரிவு எழுத்தர் தன்னிடம் வரும் தபால்களையும் அவற்றின் மீது எடுத்த நடவடிக்கையையும் பதியும் பதிவேடுதான் தன்பதிவேடு. பெரும்பாலான அரசுக் கடிதங்களின் மேல் ந.க.எண் என்று ஒன்று இருக்கும், அது கையில் இருந்தால் கோப்பையே பிடித்த மாதிரி. பழைய கடிதம் ஏதாவது உங்களிடம் இருந்தால் அந்த எண்ணை மனுவில் கட்டாயம் குறிப்பிடுங்கள். இப்படிக் கேட்டவர்களில் சிலருக்கு ஆர்டிஐ பதில் வருவதற்கு முன்பே பட்டா வந்துவிட்டது.

ஒரு மனுவில் ஒரே விஷயத்தைக் கேளுங்கள், கேள்விகள் ஐந்தாறைத் தாண்ட வேண்டாம். சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று எல்லாவற்றையும் ஒரே மனுவில் அடுக்கினால் சுலபமான ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். மத்திய அரசு விதிகளில் மனு பொதுவாக 500 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது, அதற்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது என்றாலும்.

காரணம் எழுத வேண்டாம். பிரிவு 6(2) அதைத் தெளிவாகச் சொல்கிறது. 2014-ல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி வந்தது, சில நாட்களிலேயே நீதிமன்றமே அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. இன்னும் அந்தப் பழைய செய்தியைக் காட்டி யாராவது காரணம் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கட்டணம்

10 ரூபாய். தமிழ்நாடு அரசு அலுவலகத்துக்கு மனுவின் முதல் பக்கத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். நீதிமன்றத்தின் பக்கத்தில் உள்ள ஸ்டாம்ப் வெண்டர்களிடம் கிடைக்கும். ரொக்கமாகவோ டிடியாகவோ கட்டலாம், ஆனால் ஸ்டாம்ப் அளவுக்கு எளிதானது எதுவும் இல்லை என்பது என் கருத்து, மொத்தமாகச் சிலவற்றை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். ஒட்டிய பிறகு அந்தப் பக்கத்தை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு "கட்டணம் செலுத்தப்படவில்லை" என்று பதில் வந்தால் அதுதான் உங்கள் சான்று.

மத்திய அரசு அலுவலகத்துக்கு (ரயில்வே, பாஸ்போர்ட், பொதுத்துறை வங்கி, இபிஎஃப்) கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டாதீர்கள், அங்கே 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். இதைவிட நல்லது, மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளத்திலேயே போடுவது. பதிவு எண் உடனே வந்துவிடும், முதல் மேல்முறையீட்டையும் அங்கேயே செய்யலாம். தமிழ்நாட்டுக்கும் அதேபோல ஒரு தளம் இருக்கிறது, உங்களுக்கு வேண்டிய அலுவலகம் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பேரூராட்சி, தாலுகா அலுவலகம் போன்றவற்றுக்கு நான் இன்றும் தபாலைத்தான் நம்புகிறேன்.

வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை, சான்றின் நகலை இணைக்க வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்டுக் கடிதம் வரும், அது முறையானதுதான். அந்தக் கடிதம் அனுப்பிய நாளுக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட காலம், பதில் தர அலுவலகத்துக்கு உள்ள 30 நாள் கணக்கில் சேராது என்பதால் உடனே கட்டிவிடுங்கள்.

அனுப்புதல்

நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், நேராகத் தபால் நிலையம் போய்விடுங்கள்.

சேர்ப்பு: முதலில் இங்கே "பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன்" என்று எழுதியிருந்தேன். 2025-ல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைத்துவிட்டதால் கவுண்டரில் பதிவுத் தபால் இல்லை என்கிறார்கள் என்று பலர் எழுதினீர்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதிலுள்ள எண்ணை அஞ்சல் துறைத் தளத்தில் போட்டு, சேர்ந்த தேதி காட்டும் பக்கத்தை அப்போதே சேமித்துவிடுங்கள். 30 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொன்று, ஆதார் நகல் கேட்கிறார்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தொடர்பு கொள்ளத் தேவையானதைத் தவிர வேறு சொந்த விவரம் கேட்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நான் இணைப்பதில்லை.

வரும் பதில்களும் அவற்றுக்கு எதிர்ப்பதிலும்

"நேரில் வந்து பார்வையிட்டுக்கொள்ளவும்." நகல் கேட்டவருக்கு இது பதிலாகாது. ஆனால் ஆவணங்கள் நிறைய இருந்தால் நானே பார்வையிடத்தான் கேட்பேன், முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை, கோப்பைப் புரட்டும்போதுதான் எந்தப் பக்கம் வேண்டும் என்பதே தெரியவரும். போனால் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

"கோப்பு கிடைக்கப்பெறவில்லை." மறுப்பதற்கான காரணங்கள் பிரிவு 8, 9-ல் இருக்கின்றன, கோப்பு காணாமல் போனது அவற்றில் இல்லை. 2013-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தி, தேடிப் பார்க்கவும் விசாரித்துப் பொறுப்பு நிர்ணயிக்கவும் வேண்டும் என்றது. மேல்முறையீட்டில் இதை எழுதுங்கள்.

"மூன்றாம் நபர் தகவல், பிரிவு 8(1)(ஜே)." இதுதான் இப்போது கடினமாகிவிட்டது. முன்பு பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை வெறும் "தனிநபர் தகவல்" என்று சுருக்கிவிட்டது. இது மக்களுக்கு நேர்ந்த பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன், ஏனென்றால் பயனாளி பட்டியலைக் கேட்டால்கூட இதைக் காட்டி மறுக்க முடியும். ஆனால் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது: வெளியிடுவதில் உள்ள பொதுநலன் தீங்கைவிடப் பெரிது என்றால் தரலாம். அதைக் குறிப்பிடுங்கள். பிரிவு 10-ன்படி, மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் மறைத்து மீதியைத் தரும்படியும் கேளுங்கள். பொதுப் பணத்தில் செய்த வேலையின் மதிப்பீடும் அளவுப் புத்தகமும் யாருடைய தனிநபர் தகவலும் அல்ல.

பதிலே வரவில்லை என்றால்

30 நாள் முடிந்ததும் (உயிர், சுதந்திரம் சார்ந்தது என்றால் 48 மணி நேரம்) முதல் மேல்முறையீடு. அதே துறையில் பொதுத் தகவல் அலுவலருக்கு மேலுள்ள அலுவலரிடம், பிரிவு 19(1)-ன் கீழ், அந்தக் கெடு முடிந்த அல்லது பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள். கட்டணம் இல்லை. ஒரே பக்கம் போதும்: மனுத் தேதி, சேர்ந்த தேதி, பதில் இல்லை அல்லது இன்ன பதில் தவறு, பிரிவு 7(6)-ன்படி தாமதமான தகவலை இலவசமாகத் தர ஆணையிடுக. பழைய மனுவின் நகலை இணையுங்கள். இந்தப் படியில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் என் அனுபவத்தில் பாதிக்கு மேல் தகவல் வருவது இங்கேதான்.

அதுவும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னை நந்தனத்தில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு, இதற்கும் கட்டணம் இல்லை. நியாயமான காரணமின்றித் தாமதித்த பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம், எனவே பிரிவு 20-ன் கீழ் நடவடிக்கை கோருகிறேன் என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். மேல்முறையீடு விசாரணைக்கு வர நாளாகும். அதுவரை மனு, ரசீது, பதில், மேல்முறையீடு எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் கட்டி வையுங்கள், விசாரணையில் ஆணையர் முதலில் கேட்பது தேதிகளைத்தான்.