கிரில் அடுப்பில் தீக்காயம் பட வைக்கும் தவறுகள்

வெளியில் கிரில் மூட்டிச் சமைக்கும்போது, இறைச்சி வேகும் நேரத்தில் எல்லார் கண்ணும் அடுப்பின் மேல்தான் இருக்கும். நான் அதிகம் பயப்படுவது அதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரத்துக்குத்தான்: பற்றவைக்கும் முதல் நிமிடம், சாப்பிட்டு எழுந்த பிறகு வரும் அசட்டை.

கேஸ் கிரில்லை மூடி போட்டபடியே பற்றவைக்காதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். பொறி பட்டதும் அத்தனையும் ஒரேயடியாகப் பற்றி முகத்தை நோக்கிப் பாயும். மூடியை முழுக்கத் திறந்த பிறகே குமிழைத் திருப்புங்கள். பற்றவில்லையென்றால் பொத்தானை அழுத்திக்கொண்டே நிற்க வேண்டாம். கேஸை அடைத்துவிட்டு, மூடி திறந்தபடியே குறைந்தது 5 நிமிடம் விடுங்கள்.

கரி அடுப்பு மந்தமாக இருந்தால் விசிறுங்கள். பற்றிய கரியின் மேல் மண்ணெண்ணெயோ வேறு எரிதிரவமோ ஊற்றினால், ஊற்றும் தாரையைப் பிடித்துக்கொண்டு தீ கையிலிருக்கும் பாட்டிலுக்கே ஏறிவிடும். பெட்ரோலை அடுப்புப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்காதீர்கள். தண்ணீர் சட்டென்று ஆவியாகி, எரியும் கொழுப்பை நாலாபுறமும் தெறிக்க வைக்கும். கேஸை நிறுத்தி மூடியைப் போடுங்கள். கரி அடுப்பென்றால் காற்றுத் துளைகளையும் அடைத்துவிடுங்கள்.

ஈரத்துணி பாதுகாப்பு என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். அதை மடித்து, சுட்டுக்கிடந்த மூடியின் கைப்பிடியைப் பிடித்தேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. துணியை உதறுவதற்குள் விரல் நுனிகள் வெந்து, சற்று நேரத்தில் கொப்புளம் கட்டிவிட்டது. ஈரம் சூட்டை வேகமாகக் கடத்தும். நன்கு காய்ந்த, தடித்த கையுறைதான் சரி. இடுக்கியும் நீளக் கைப்பிடி உள்ளதாக இருக்கட்டும். தொங்கும் துப்பட்டா, தளர்ந்த கைகள் உள்ள சட்டை வேண்டாம்.

சாப்பிட்டு முடித்ததும் கரி வெளுத்துச் சாம்பலாகத் தெரியும். நீறு பூத்த நெருப்பு என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். மூடியும் காற்றுத் துளைகளும் அடைத்தபடி 48 மணி நேரம் விட்ட பிறகே சாம்பலை அள்ளுங்கள், அதுவும் உலோக வாளியில். தணலை மணலில் புதைப்பது இன்னும் மோசம். மேலே பார்த்தால் வெறும் மணல், உள்ளே மணிக்கணக்கில் சூடு. வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? சமைக்கும்போதும் சரி, முடித்த பிறகும் சரி, பிள்ளைகளை 1 மீட்டருக்குள் நெருங்க விடாதீர்கள்.

மீறிச் சுட்டுவிட்டால், வீக்கம் வருமுன் மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, குழாயின் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, வெண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்டாலோ, பட்டது குழந்தை என்றாலோ, காயம் சிறியதாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.