சாதன நினைவகத்தில் பேஜ் ஃபால்ட்: விஎஃப்ஐஓ டிரைவர் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கிராஃபிக்ஸ் அட்டையையோ நெட்வொர்க் அட்டையையோ அப்படியே ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்கு, அதாவது விஎம்முக்கு, ஒப்படைக்கும் வேலையை லினக்ஸில் விஎஃப்ஐஓ என்ற கர்னல் கட்டமைப்பு பார்த்துக்கொள்கிறது. சாதனத்தின் ரெஜிஸ்டர்களும் உள் நினைவகமும் பிசிஐ ‘பார்’ என்ற முகவரிப் பகுதிகளாக வெளியே தெரியும். விஎம்மை இயக்கும் நிரலான கியூஎம்யூ அந்தப் பகுதிகளை எம்மேப் செய்து, அதாவது தன் முகவரி வெளியில் இணைத்து, கர்னலின் மெய்நிகராக்கப் பகுதியான கேவிஎம்மிடம் கொடுக்கும். விஎம்முக்குள் ஓடும் டிரைவர் முதல்முறை அதைத் தொடும்போது, அந்த முகவரிக்கு இன்னும் மேப்பிங் இல்லை என்று சொல்லும் பேஜ் ஃபால்ட் எழும். அதைக் கையாளும் நம் செயல்பாடான ஃபால்ட் ஹேண்ட்லர் சரியான பிஎஃப்என்னை, அதாவது பௌதிகப் பக்க எண்ணை, பக்க அட்டவணையில் நிரப்பிவிட்டுத் திரும்பும்.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ரேம் எப்போது கேட்டாலும் பதில் தரும், சாதனம் அப்படியில்லை. அது ரீசெட்டில் இருக்கலாம், டி3 என்ற மின்சேமிப்பு நிலையில் உறங்கிக்கொண்டிருக்கலாம், கமாண்ட் ரெஜிஸ்டரில் நினைவக அணுகலை அனுமதிக்கும் மெமரி எனேபிள் பிட் அணைந்திருக்கலாம். ஆகவே மேப்பிங்கை நிரப்புவது பாதி வேலைதான். சாதனம் பதில் தர முடியாத நேரத்தில் ஒரு மேப்பிங்கும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது மறுபாதி. நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டையும் தனித்தனியாக யோசிப்பதில்தான் தொடங்குகின்றன.

முதல் தவறு, எம்மேப் அழைப்பின்போதே மொத்தத்தையும் மேப் செய்துவிட்டு மறந்துவிடுவது. விஎஃப்ஐஓ பிசிஐ டிரைவரே 5.7 கர்னல் வரை அப்படித்தான் இருந்தது. பயனர் நிரல் மெமரி எனேபிள் பிட்டை அணைத்துவிட்டு, கையிலிருக்கும் பழைய மேப்பிங் வழியாகப் படித்தால், அந்தக் கோரிக்கையை ஏற்க பிசிஐ பஸ்ஸில் யாரும் இருக்க மாட்டார்கள். சில சர்வர்கள் இதைத் தீவிர வன்பொருள் பிழையாக எடுத்துக்கொண்டு ஹோஸ்ட் முழுவதையும் வீழ்த்திவிடும். ஒரு விஎம் செய்த காரியத்துக்காக அதே ஹோஸ்டில் இருக்கும் மற்ற எல்லா விஎம்களும் சாகின்றன. இதுதான் சிவிஇ-2020-12888 என்று பதிவான பாதுகாப்புக் குறை. 5.8இல் வந்த திருத்தம் மேப்பிங்கை ஃபால்ட் நேரத்துக்குத் தள்ளிப்போட்டது. பிட் அணையும்போது ஏற்கெனவே இருக்கும் மேப்பிங்குகளை அழிக்கவும் செய்தது.

இதைப் படித்தவர்கள் அடுத்துச் செய்யும் தவறு நுட்பமானது. ஹேண்ட்லருக்குள் “மெமரி எனேபிள் ஆகியிருக்கிறதா?” என்று பார்க்கிறார்கள், ஆமென்றால் நிரப்புகிறார்கள். ஆனால் பார்ப்பதற்கும் நிரப்புவதற்கும் நடுவில் லாக் இல்லை. இன்னொரு த்ரெட் அந்த இடைவெளியில் மேப்பிங்கை அழித்து, பிட்டையும் அணைத்துவிடலாம். அதற்குப் பிறகு நம் ஹேண்ட்லர் நிதானமாக வந்து செத்த முகவரியை நிரப்பும். விஎஃப்ஐஓவில் இதற்கென்றே மெமரி_லாக் என்ற ரீட்-ரைட் செமஃபோர் இருக்கிறது; படிப்புக்காகப் பலர் ஒன்றாகப் பிடிக்கலாம், எழுத்துக்காக ஒருவர் தனியாகத்தான். ஃபால்ட் ஹேண்ட்லர் அதைப் படிப்புக்காகப் பிடித்து, நிலையைச் சோதித்து, நிரப்பி முடித்த பிறகே விடுகிறது. அணைக்கும் பக்கம் அதை எழுத்துக்காகப் பிடித்து, முதலில் மேப்பிங்குகளை அழித்து, அப்புறம்தான் பிட்டைத் தொடுகிறது. இந்த வரிசை மாறக் கூடாது. ரீசெட்டுக்கும் இதே விதிதான். மின்சேமிப்பு நிலையையும் இதே சோதனையில் சேர்க்க வேண்டும்; பலர் மெமரி பிட்டை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

லாக் வரிசையில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபால்ட் ஹேண்ட்லர் அழைக்கப்படும்போது பொதுவாக, நிரலின் முகவரி வெளியைக் காக்கும் எம்மேப்_லாக் ஏற்கெனவே பிடிபட்டிருக்கும். அதன் மேல் நாம் மெமரி_லாக்கைப் பிடிக்கிறோம். சரி, அழிக்கும் பக்கம்? விஎம்ஏக்களின், அதாவது எம்மேப் செய்யப்பட்ட முகவரிப் பகுதிகளின், பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழிக்க முயன்றால் அங்கேயும் எம்மேப்_லாக் வேண்டும், ஆனால் கையில் மெமரி_லாக் இருக்கிறது. வரிசை தலைகீழாகி, இரு பக்கமும் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் டெட்லாக் ஆகிவிடும். 5.8 முதல் சில ஆண்டுகள் விஎஃப்ஐஓ இதைச் சமாளிக்க மூன்று லாக்குகளையும், காத்திருக்காமல் முயன்று பார்க்கும் ட்ரைலாக்கையும் வைத்துச் சிக்கலான ஒரு சுற்று சுற்றியது. 6.10இல் அந்தப் பட்டியலையே தூக்கிவிட்டு கோப்பு ஆஃப்செட்டை வைத்து மேப்பிங்குகளை அழிக்கும் அன்மேப்_மேப்பிங்_ரேஞ்ச் என்ற வழிக்கு மாறினார்கள். அதற்கு எம்மேப்_லாக் தேவையில்லை. புதிதாக எழுதுபவர்கள் நேராக இங்கிருந்தே தொடங்கலாம்.

இந்த வழிக்கு இரண்டு முன்நிபந்தனைகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி ஐநோடு, அதாவது கர்னலில் ஒரு கோப்பைக் குறிக்கும் பதிவு, வேண்டும். எல்லோருக்கும் பொதுவான அனானிமஸ் ஐநோடின் மேல் அழித்தால் சம்பந்தமே இல்லாதவர்களின் மேப்பிங்கும் போய்விடும். இரண்டு, விஎம்ஏவில் கோப்பு ஆஃப்செட்டைக் குறிக்கும் விஎம்_பிஜிஆஃப் மதிப்பை மாற்றாதீர்கள். பழைய குறியீட்டில் எம்மேப் செய்யும்போதே அந்த இடத்தில் பிஎஃப்என்னை எழுதிவிடும் பழக்கம் இருந்தது. அழிக்கும் செயல்பாடு தேடுவதோ கோப்பு ஆஃப்செட்டை. நீங்கள் அதை மாற்றி எழுதியிருந்தால் மேப்பிங் அதன் கண்ணில் படாது, பிழைச்செய்தியும் வராது. பிஎஃப்என்னை ஃபால்ட் நேரத்தில் ஆஃப்செட்டிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: மெமரி_லாக்கைப் பிடித்துக்கொண்டு பயனர் நினைவகத்துக்கு நகலெடுக்காதீர்கள். அந்த நகலெடுப்பே ஒரு ஃபால்ட்டைக் கிளப்பலாம். அந்த பஃபர் இதே சாதனத்தின் பார் மேப்பிங்காகவே இருந்தாலும் வியப்பில்லை. பயனர் எந்த முகவரியையும் தரலாம். சாதனத்தைப் படிக்கும் ஒரு கணம் மட்டும் லாக்கைப் பிடித்து, விட்டு, பிறகு நகலெடுப்பதே பாதுகாப்பு.

ஒரு பகுதி முழுவதையும் மொத்தமாக மேப் செய்யும் ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச் எம்மேப் நேரத்துக்கென எழுதப்பட்டது. அதை ஃபால்ட் ஹேண்ட்லருக்குள் அழைப்பது பரவலான தவறு. விஎம்மின் இரண்டு மெய்நிகர் சிபியூக்கள் ஒரே நேரத்தில் ஒரே பகுதியைத் தொட்டால், இரண்டாவது அழைப்பு ஏற்கெனவே நிரம்பிய இடத்தில் மோதி, கர்னல் அங்கேயே நின்றுவிடும். தவிர அது விஎம்ஏவின் கொடிகளை மாற்றும். அதற்கு எம்மேப்_லாக்கை எழுத்துக்காகப் பிடித்திருக்க வேண்டும், ஃபால்ட் பாதையில் அது கிடையாது. ஒரு பக்கத்தை மட்டும் நிரப்பும் விஎம்எஃப்_இன்சர்ட்_பிஎஃப்என் இந்தப் போட்டியைத் தாங்கும். கொடிகளையும் கேஷ் செய்யாத பாதுகாப்புப் பண்பையும் எம்மேப் நேரத்திலேயே வைத்துவிடுங்கள்.

பெரிய பக்கங்கள் இன்று ஆடம்பரம் இல்லை. 128 ஜிபி பார் உள்ள ஓர் அட்டையை 4 கேபி பக்கங்களாக நிரப்பினால் 3.3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். 2 எம்பி பக்கமென்றால் 65,536. 1 ஜிபி என்றால் வெறும் 128. விஎம் தொடங்குவதற்கு ஆகும் நேரத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். 6.12இல் விஎஃப்ஐஓவுக்கு, பெரிய பக்கங்களை நிரப்பும் ஹியூஜ்_ஃபால்ட் வந்தது. இங்கே நடக்கும் தவறு, மெய்நிகர் முகவரியின் சீரமைவை மட்டும் பார்ப்பது. பிஎஃப்என்னும் அதே அளவுக்குச் சீரமைந்திருக்க வேண்டும், முழுப் பக்கமும் விஎம்ஏவுக்குள் அடங்க வேண்டும். ஒன்று தவறினாலும் விஎம்_ஃபால்ட்_ஃபால்பேக் திருப்பினால் போதும், கர்னல் சிறிய பக்கத்தோடு மறுபடி வரும். பிஎஃப்என் சீரமைவுச் சோதனை விஎஃப்ஐஓவிலேயே முதலில் விடுபட்டு, பிறகுதான் சேர்க்கப்பட்டது.

சாதனம் அணைந்திருக்கும்போது என்ன திருப்புவது? தவறான நினைவக அணுகலைச் சொல்லும் சிக்னலான சிக்பஸ் தான். கர்னலின் டிஆர்எம் என்ற கிராஃபிக்ஸ் பகுதியில், சாதனம் பிடுங்கப்பட்டால் வெற்றுப் பக்கம் ஒன்றைக் கொடுத்துச் சமாளிப்பது உண்டு. டெஸ்க்டாப் நிரல்கள் சாகாமலிருக்க அங்கே அது நியாயம். விஎம்முக்கு அதைச் செய்யாதீர்கள். விஎம்முக்குள் இருக்கும் டிரைவர் எழுதியதெல்லாம் எங்கோ விழுங்கப்படும், தவறு பல நிமிடம் கழித்து வேறொரு இடத்தில் வெடிக்கும். சிக்பஸ் கொடுத்தால் கியூஎம்யூ “கேவிஎம் ரன் ஃபெயில்ட் பேட் அட்ரஸ்” என்று சொல்லி நிற்கும். அது கடுமையானது, ஆனால் தவறு நடந்த இடத்திலேயே நிற்கிறது.

கேவிஎம் பக்கம் இருப்பவர்களுக்கு: கிடைத்த பிஎஃப்என்னை நிரந்தரமென்று நம்பாதீர்கள். மேப்பிங் மாறுவதைக் கேவிஎம்முக்கு அறிவிக்கும் எம்எம்யூ நோட்டிஃபையர் வழியாக அழிப்புச் செய்தி வந்ததா என்பதை, வரிசை எண்ணைச் சரிபார்த்து, நிரப்பும் கணத்தில் உறுதிசெய்ய வேண்டும். சாதனங்களின் நினைவக அணுகலை மொழிபெயர்க்கும் வன்பொருளான ஐஓஎம்எம்யூ பக்கம் கதை வேறு. விஎஃப்ஐஓவின் டைப்1 என்ற ஐஓஎம்எம்யூ வழியில் ஒரு பாரை இன்னொரு சாதனத்தின் டிஎம்ஏவுக்கு, அதாவது சிபியூ இல்லாத நேரடி அணுகலுக்கு, திறந்துவிட்டால், சிபியூ மேப்பிங்கை அழிப்பது அதைத் தொடாது. ஃபால்ட் ஹேண்ட்லர் எல்லாவற்றையும் காக்கிறது என்று ஆவணத்தில் எழுதிவிடாதீர்கள்.

சோதிக்க ஒரு சிறு நிரல் போதும். ஒரு த்ரெட் மெமரி எனேபிள் பிட்டை இடைவிடாமல் அணைத்து ஏற்றட்டும். நான்கைந்து த்ரெட்கள் சிக்பஸ்ஸைப் பிடித்துக்கொண்டே மேப்பிங்கைப் படிக்கட்டும். இன்னொன்று அதே மேப்பிங்கையே பஃபராகக் கொடுத்து ரீட் அழைப்பு செய்யட்டும். லாக் வரிசைத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் லாக்டெப் இயங்கும் கர்னலில், ஏஇஆர் என்ற பிசிஐ பிழை அறிக்கை வசதியையும் இயக்கிவைத்து, ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் கர்னல் பதிவேடான டிமெஸ்ஜியில் லாக்டெப் எச்சரிக்கையோ, ஏஇஆர் பதிவோ ஒன்று இருந்தாலும் அந்த பேட்ச் அனுப்பத் தயாராகவில்லை.