ஃபேட் பைக் எடையைக் குறைக்கப் போய் அரைக் கிலோவுக்கு நான் கொடுத்த விலை

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவர், பைக்பேக்கிங், அதாவது சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு போகும் பயணம், கிளம்பும் முன் தன் ஃபேட் பைக்கைக் காட்ட வந்தார். மணலில் புதையாத தடித்த டயர் போட்ட சைக்கிள் அது. வெறும் வண்டியே 18 கிலோ. "ஒல்லி ட்யூப்பா மாத்திட்டேண்ணே, அரைக் கிலோ மிச்சம்" என்றார். எனக்குப் பகீரென்றது. எடை குறைக்க ஸ்டாண்டு, பெல் கழற்றுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விடுங்கள்.

ஒல்லி ட்யூப்

4 இஞ்ச் டயருக்கான ட்யூப் ஒன்று 400 கிராமுக்கு மேல் இருக்கும். சாதாரண எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) ட்யூப் அதில் பாதிதான். ரப்பர்தானே, ஊதினால் விரியும் என்று அந்த ஒல்லி ட்யூப்பை நானும் மாட்டினேன். விரியத்தான் செய்தது. எங்கள் தெருவில் வண்டி பூப்போல ஓடியது. திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரியின் செம்மணலில் இறங்கிய ஒரு மணி நேரத்தில் பின் சக்கரத்தில் உடைமுள் ஏறியது.

பஞ்சர் யாருக்கும் வரும். வினை அதற்குப் பிறகுதான். அளவுக்கு மீறி விரிந்த ட்யூப் பலூன் மாதிரி மெலிந்துவிடும். ஒட்டுகிற பேட்ச் அந்த அளவுக்கு விரியாது, ஓரத்தில் உரிந்து வரும். மூன்று தடவை ஒட்டினேன், மூன்று தடவையும் காற்று இறங்கியது. மணலுக்காகக் காற்றைக் குறைத்து 6 பிஎஸ்ஐதான் வைத்திருந்தேன். அதில் முன் டயர் ரிம்மில் வழுக்கி, ட்யூப்பையும் சேர்த்து இழுத்து, வால்வை அடியோடு கிழித்தது. பையில் இருந்த மாற்று ட்யூப்? அதுவும் ஒல்லிதான். மூட்டையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, வேன் பிடித்து வீடு திரும்பினேன். ட்யூப் காசு, வேன் வாடகை, நான்கு நாள் லீவு எல்லாம் போச்சு. இன்னமும் வயிறு எரிகிறது.

எடை உறுத்தினால் ட்யூப்லெஸ் போங்கள். ரிம்மில் ஒட்ட டேப், டயருக்கு 150 மில்லி சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்), அவ்வளவுதான். சின்ன முள் குத்தினால் அதுவே அடைத்துக்கொள்ளும். ஆனால் ரிம்மும் டயரும் அதற்கென்று செய்தவையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறைந்த காற்றில் திருப்பத்தில் புஸ்ஸென்று விட்டுவிடும். மலிவு வண்டியா? தடி ட்யூப்பே இருக்கட்டும், வால்வுக்குள் இருக்கும் ஊசியை (வால்வு கோர்) கழற்றி உள்ளே சீலன்ட் ஊற்றுங்கள். எடை கூடும்தான். கூடட்டும்.

கார்பன் சீட்போஸ்ட்

சீட்டைத் தாங்கும் குழாயை லேசான கார்பனில் வாங்குவது. பையில் கனமான ஜீன்ஸ் வைத்திருப்பவருக்கு எதற்கு?

டயர் அகலம்

குறைக்காதீர்கள். மணலில் புதையாமல் போகத்தானே இந்த வண்டியையே வாங்கினீர்கள்?

தண்ணீர்

கை வைக்காதீர்கள்.

பம்பு

மூன்று பேர் போனால் மூன்று பம்பு தேவையில்லை, ஒன்று போதும். ஆனால் அது உள்ளங்கை அளவு பம்பாக இருக்க வேண்டாம். அன்றைக்குத் தேரியில் நான் 300 வரை எண்ணிக்கொண்டே அடித்தேன். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.