வேதிச்சேர்க்கை விதிகள்: கணக்கில் எந்த விதியை எங்கே கையாள்வது?

வேதிச்சேர்க்கை விதிகளை வரையறையாக ஒப்பிக்கத் தெரிந்த மாணவர்கள் பலர், கணக்கு என்று வந்ததும் எந்த விதியை எடுப்பது என்று திகைத்து நிற்கிறார்கள். வினாவில் எத்தனை தனிமங்கள், எத்தனை சேர்மங்கள் இடம்பெற்றுள்ளன என்று முதலில் எண்ணிப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரே சேர்மத்தை வெவ்வேறு வழிகளில் தயாரித்திருந்தால் அது மாறா விகித விதிக்கான வினா. இரண்டே தனிமங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட சேர்மங்களைத் தந்தால் மடங்கு விகித விதி. மூன்று தனிமங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருந்தால் தலைகீழ் விகித விதி. நிறைக்குப் பதிலாக வாயுக்களின் பருமன் தரப்பட்டிருந்தால் கேலூசாக்கின் பருமன் இணைப்பு விதி.

இவற்றுக்கெல்லாம் அடித்தளம் பொருண்மை அழியா விதி: வேதிவினையில் மொத்த நிறை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. 1774-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர், மூடிய கண்ணாடிக் கலத்தில் வெள்ளீயத்தைச் சூடாக்கியபோது, உள்ளே உலோகத்தின் ஒரு பகுதி நீறாக (ஆக்சைடாக) மாறியும் கலத்தின் மொத்த எடை மாறவில்லை. கலத்தைத் திறந்து காற்று உள்ளே புகுந்த பிறகே எடை கூடியது. எனவே சோதனை திறந்த கலத்தில் நடந்ததா, மூடிய கலத்தில் நடந்ததா என்பதை வினாவில் கவனியுங்கள். திறந்த குடுவையில் 5.0 கிராம் கால்சியம் கார்பனேட்டுடன் போதிய அளவு ஹைட்ரோகுளோரிக் அமிலம் வினைபுரிந்தால் தராசில் சுமார் 2.2 கிராம் குறையும். அது அழிந்த நிறையன்று; வெளியேறிய கார்பன் டைஆக்சைடின் நிறை.

அடுத்து மாறா விகித விதி: ஒரு சேர்மத்தை எப்படித் தயாரித்தாலும் அதிலுள்ள தனிமங்களின் நிறை விகிதம் மாறாது. இதற்குக் கறுப்பு நிறக் காப்பர் ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். அதில் 1.59 கிராமை ஹைட்ரஜன் வாயுவில் சூடாக்கி ஒடுக்கியபோது 1.27 கிராம் காப்பர் கிடைத்தது. வேறொரு சோதனையில் 2.00 கிராம் காப்பரை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, கரைசலை ஆவியாக்கி, எஞ்சியதை நன்கு சூடாக்கியபோது 2.50 கிராம் கறுப்பு ஆக்சைடு கிடைத்தது. ஆக்சிஜனின் நிறை வினாவில் இல்லை. கழித்துத்தான் பெற வேண்டும். முதல் மாதிரியில் அது 0.32 கிராம், இரண்டாவதில் 0.50 கிராம். இப்போது ஒரு கிராம் ஆக்சிஜனுக்கு எத்தனை கிராம் காப்பர் என்று வகுத்தால், முதலாவதில் 3.97, இரண்டாவதில் 4.00 வருகிறது. இந்தச் சிறு வேறுபாட்டைக் கண்டு விதி பொய்த்துவிட்டதாக எழுதக் கூடாது. இரண்டு தசம இடம் வரை மட்டுமே எடைபோட்ட சோதனையில் இவ்வளவு விலகல் இயல்பே.

பிரெஞ்சு வேதியியலாளர் ப்ரௌஸ்ட் 1799-இல் மாறா விகித விதியை முன்வைத்தபோது அவருக்குச் சான்றாக அமைந்ததும் ஒரு காப்பர் சேர்மம்தான். இயற்கையில் கிடைத்த காப்பர் கார்பனேட்டிலும் ஆய்வகத்தில் தயாரித்ததிலும் தனிமங்களின் விகிதம் ஒன்றாகவே இருப்பதை அவர் காட்டினார். மற்றொரு பிரெஞ்சு வேதியியலாளரான பெர்தோலே இதை ஏற்காமல் பல ஆண்டுகள் வாதிட்டார். அவர் பக்கமும் ஓரளவு நியாயம் உண்டு என்பது பின்னரே தெரிந்தது: இயற்கையான இரும்பு(II) ஆக்சைடில் இரும்பின் அளவு சற்றுக் குறைவாகவே இருக்கும், அதுவும் மாதிரிக்கு மாதிரி மாறும். பள்ளிக் கணக்குகளில் அத்தகைய சேர்மங்கள் அரிதாகவே வரும்.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது மடங்கு விகித விதியில்தான். காப்பருக்குச் சிவப்பு நிற ஆக்சைடு ஒன்றும் உண்டு. கறுப்பு ஆக்சைடில் ஆக்சிஜன் 20.1 சதவீதம், சிவப்பு ஆக்சைடில் 11.2 சதவீதம் என்று வினாவில் தரப்பட்டிருந்தால், பலர் இவ்விரு எண்களையும் நேரடியாக வகுத்து, 1.79 என்ற விடையைப் பார்த்து, அதை 9:5 என்று வலிந்து பொருத்துவார்கள். சதவீதங்களை அப்படி ஒப்பிடுவது தவறு. ஏனெனில் காப்பரின் அளவும் இரண்டிலும் வேறு வேறாக இருக்கிறது. ஒரு தனிமத்தின் நிறையை நிலையாக வைத்த பிறகே மற்றதை ஒப்பிட வேண்டும். கறுப்பு ஆக்சைடில் 79.9 கிராம் காப்பருக்கு 20.1 கிராம் ஆக்சிஜன், ஆகவே ஒரு கிராம் காப்பருக்கு 0.252 கிராம், சிவப்பு ஆக்சைடில் 88.8 கிராமுக்கு 11.2 கிராம், அதாவது ஒரு கிராமுக்கு 0.126 கிராம். இப்போது விகிதம் 2:1 என்று தானாகவே வந்துவிடுகிறது. காப்பருக்குப் பதிலாக ஆக்சிஜனை நிலையாக வைத்தாலும் காப்பரின் நிறைகள் 1:2 என்றே அமையும். எந்தத் தனிமத்தை நிலையாக வைத்தீர்கள் என்பதை மட்டும் விடைத்தாளில் தெளிவாக எழுதிவிடுங்கள். டால்டனும் இதே முறையில்தான் மீத்தேனையும் எத்திலீனையும் ஒப்பிட்டார். ஒரே அளவு கார்பனுடன் சேரும் ஹைட்ரஜனின் நிறை அவற்றில் 2:1.

தலைகீழ் விகித விதிக்கு ஒரு கணக்கே போதும். இரண்டு தனிமங்கள் மூன்றாவது தனிமத்தின் ஒரே நிறையுடன் சேரும் விகிதம், அவை தமக்குள் சேரும் விகிதமாகவோ அதன் எளிய மடங்காகவோ இருக்கும் என்பதே இவ்விதி. மீத்தேனில் 12 கிராம் கார்பனுடன் 4 கிராம் ஹைட்ரஜனும், கார்பன் டைஆக்சைடில் அதே 12 கிராமுடன் 32 கிராம் ஆக்சிஜனும் சேர்கின்றன. 4:32 என்பது 1:8. நீரிலும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அதே 1:8 விகிதத்தில் உள்ளன. கார்பனுக்குப் பதிலாகக் கந்தகத்தை வைத்து, ஹைட்ரஜன் சல்பைடையும் சல்பர் டைஆக்சைடையும் கொண்டு செய்தால் 1:16 வரும். அது நீரின் விகிதத்துக்குச் சமமில்லை என்றாலும் அதன் எளிய மடங்காக இருப்பதால் விதி பொருந்துகிறது.

வாயுக்களுக்கு வரும்போது, நிறையைப் போலப் பருமன் மாறாமல் நிற்பதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 20 மி.லி. நைட்ரஜனும் 45 மி.லி. ஹைட்ரஜனும் முழுமையாக வினைபுரிந்தால், நைட்ரஜன், ஹைட்ரஜன், அம்மோனியா ஆகியவற்றின் 1:3:2 என்ற பருமன் விகிதப்படி 45 மி.லி. ஹைட்ரஜனுக்கு 15 மி.லி. நைட்ரஜனே தேவை, 30 மி.லி. அம்மோனியா உருவாகி, 5 மி.லி. நைட்ரஜன் மிஞ்சும். 65 மி.லி. கலவை 35 மி.லி. ஆகிவிடுகிறது. எல்லாப் பருமன்களும் ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் அளக்கப்பட்டிருக்க வேண்டும். விளைபொருள் நீராக இருந்தால் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: 30 மி.லி. ஹைட்ரஜனையும் 20 மி.லி. ஆக்சிஜனையும் எரித்து, 100 டிகிரி செல்சியசுக்கு மேல் அளந்தால் 30 மி.லி. நீராவியும் 5 மி.லி. ஆக்சிஜனும் இருக்கும், அறை வெப்பநிலைக்குக் குளிர்வித்து அளந்ததாக வினா சொன்னால், நீராவி திரவமாகிவிடுவதால் 5 மி.லி. ஆக்சிஜனை மட்டுமே விடையாகக் கொள்ள வேண்டும்.