செஞ்சிப் பக்கம் ஒரு துப்பு ரைடு: நீங்களே நடத்துவது எப்படி?

நண்பர்களுக்காக மூன்று முறை நடத்திய பிறகு இதை எழுதுகிறேன். துண்டுச்சீட்டில் இருக்கும் துப்பை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், பைக்கில் அங்கே போய்ச் சொன்னதைச் செய்து படம் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். காற்று, பெட்ரோல், ஹெல்மெட்டெல்லாம் உங்களுக்கே தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. வழி

செஞ்சியில் கிளம்பி திருநாதர்குன்று, மண்டகப்பட்டு, தளவானூர், பனைமலை, மறுபடி செஞ்சி. நடுவில் வரும் நான்கும் பழைய பாறைச் சிற்பமோ கோயிலோ இருக்கும் இடங்கள். 100 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ரைடுக்கு முந்தின வாரம் நீங்கள் ஒருமுறை தனியாக ஓட்டிப் பாருங்கள். தை, மாசியில் நெல்லையும் உளுந்தையும் தார்ரோட்டிலேயே காயப்போட்டிருப்பார்கள். உளுந்துச் செடி மேல் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும். அந்த இடங்களைச் சீட்டிலேயே குறித்துக் கொடுங்கள்.

2. அணி

அணிக்கு இரண்டு பைக். ஒன்று பஞ்சரானாலும் கூட ஆள் இருக்கும்.

3. துப்பு

நான் சறுக்கியது இங்கேதான். சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்களைப் பாறையில் செதுக்கிய இடம் திருநாதர்குன்று. முதல் தடவை அதற்கு "பாறையில் எத்தனை தீர்த்தங்கரர்?" என்று கேட்டிருந்தேன். ஓர் அணி டீக்கடையில் உட்கார்ந்தபடியே போனில் தேடி "24" என்று அனுப்பிவிட்டது. பதில் சரி. குன்றில் மட்டும் யாரும் கால் வைக்கவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை, அந்தப் பாறையைப் பார்க்கத்தானே அவர்களைக் கூப்பிட்டேன்!

அன்றிலிருந்து துப்பை இரண்டாகப் பிரித்துவிட்டேன். இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வரி, போய்ச் சேர்ந்ததும் செய்வதற்கு ஒரு வேலை. இப்போது சீட்டில் இப்படி இருக்கும்: "57 நாள் நோன்பிருந்து உயிர்விட்ட ஆசிரியரின் பெயர் வெட்டிய குன்று. மேலே இரண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? அதைப் படம் எடுங்கள்." கல்வெட்டிலுள்ள சந்திரநந்தி ஆசிரியரைப் போனில் தேடிப் பிடிக்கலாம், படத்துக்கு மேலே ஏறித்தான் ஆக வேண்டும்.

மண்டகப்பட்டுக்கு: "செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் வேண்டாம் என்ற அரசனின் கோயில். வாசலில் இருக்கும் இடப்பக்கக் காவலன் மாதிரியே நின்று ஒரு படம்." பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் குடைவரை அது, அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயில். காவலனின் இடுப்பு ஒடிவு, கால் ஊன்றல், கை வைப்பு மூன்றையும் பிடிப்பதற்குள் கால்மணி நேரம் ஓடிவிடும். அவ்வளவு நேரம் ஒரு சிற்பத்தை உற்றுப் பார்த்ததே இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார்.

4. நிற்கும் இடம்

மைல்கல், பாலத்துத் தூண், வளைவில் இருக்கும் அய்யனார் சிலை, இதையெல்லாம் துப்பாக வைக்காதீர்கள். பார்த்தவுடன் சட்டென்று பிரேக் அடிப்பார்கள், பின்னால் பஸ் வரும். தார் விளிம்பிலிருந்து முழு வண்டியும் இறங்கி நிற்க மண்தரை இருந்தால்தான் அந்த இடம் தேறும்.

5. மதிப்பெண்

நேரத்துக்கு மதிப்பெண் கிடையாது. முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் ஒன்றுதான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பொதுச்சாலையில் அனுமதியில்லாமல் வேகப்போட்டி வைப்பது மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம். அது போக, வேகத்துக்கு மதிப்பெண் என்றால் பாறையை யார் பார்ப்பார்கள்? இரண்டு அணி சமமாக வந்தால் சீட்டுக்கட்டிலிருந்து அணிக்கு ஐந்து சீட்டு கொடுத்து, போக்கர் ஆட்டம் மாதிரி யாருக்குப் பெரிய சீட்டுகள் விழுந்திருக்கின்றன என்று பாருங்கள்.

6. கருவி

செயலிகள் வேண்டாம், காகிதம்தான் நல்லது. ஜிப் கவரில் போட்டு டேங்க் பேக் மேல் வையுங்கள். ஓட்டும்போது போனை நோண்டத் தேவையில்லை, வெயிலிலும் எழுத்து தெரியும். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டால் மதியத்துக்குள் பேட்டரி காலி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு படம் அனுப்பினாலே போதும்.

பிற்சேர்க்கை: இதைப் பார்த்து நடத்திய இருவர், பனைமலைக்குப் போனபோது கோயில் நடை சாத்தியிருந்ததாக எழுதியிருந்தார்கள். உச்சிவேளைக்குப் பிறகு போனால் அப்படித்தான் ஆகும். திருநாதர்குன்றையும் வெயில் நேரத்துக்குத் தள்ளிப்போட முடியாது, பாறை கால் சுடும். அதனால் வரிசையை மாற்றிவிட்டேன்: காலை 7 மணிக்குத் திருநாதர்குன்று, அடுத்து பனைமலை, பிறகு தளவானூர், மண்டகப்பட்டு, மதியச் சாப்பாட்டுக்குச் செஞ்சி.